அடுத்தவருக்கு உதவும் என்று சொல்லும் முன்

ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோப்புகளை எப்படி அடுக்குவது, ரத்த மாதிரியை எந்தப் பெட்டியில் அனுப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் காலத்தில் கணினி மெதுவாக ஓடியது, நான் வேகமாக ஓடினேன். இப்போது இரண்டும் தலைகீழ். ஜொகூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் தாதியாக இருந்தேன், பிறகு மருத்துவ ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன், இப்போது பொந்தியானில் மீன் விலையைத் திட்டிக்கொண்டு ஓய்வாக இருக்கிறேன். எனவே வேலை கற்றுக்கொடுக்க நான் வரவில்லை. ஒரே ஒரு பேச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீங்களும் அதைத் தினமும் பேசப்போகிறீர்கள்.

“இந்த ஆராய்ச்சியில உங்களுக்குப் பலன் கிடைக்காமப் போகலாம். ஆனா அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.”

இதுதான் அது. சம்மதப் படிவத்திலும் அச்சடித்திருக்கும். ஆனால் நம் ஆட்கள் படிவத்தைப் படித்தா சம்மதிக்கிறார்கள்? டாக்டர் அறையில் உட்கார்ந்து, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். டாக்டரிடம் கேள்வி கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று ஒரு கூச்சம். வெளியே வந்து, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் என் கையைப் பிடிப்பார்கள். “மிஸ்ஸி, டாக்டர் என்ன லா சொன்னாரு? சேரவா, வேணாமா?” நம் ஊரில் தாதி என்றால் மிஸ்ஸிதான், எனக்கு மூட்டுவலி வந்த பிறகும் நான் மிஸ்ஸியாகவே இருந்தேன். அந்த நாற்காலியில் நான் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுத்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் நீரிழிவால் காலில் புண் வந்தவர்களுக்கு ஒரு ஆய்வு நடந்தது. ஏதோ ஓர் இலையின் சாற்றில் செய்த ஜெல். பாதிப் பேருக்கு வழக்கமான மருந்துக் கட்டு, மீதிப் பேருக்கு அதோடு இந்த ஜெல். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். புண் ஆறுகிறதா என்பதுதான் கேள்வி. ஆய்வு தொடங்கும் முன்பே அந்தக் கேள்வியைப் பொதுப் பதிவுத்தளத்தில் எழுதி வைத்திருந்தோம். எங்கள் தலைவர் அறுவை மருத்துவர். பெயர் வேண்டாம். கை சுத்தமான மனிதர், கால்களைக் காப்பாற்றுவதில் பிடிவாதக்காரர். வெட்டலாம் என்று மற்றவர்கள் சொன்ன கால்களை அவர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து நடக்க வைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவரைப் பற்றி இனி நான் என்ன சொன்னாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒருவர் முனியாண்டி அண்ணன். தெப்ராவ் பக்கம் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வலது காலில் புண். பிரேக் மிதிக்கும் கால்.

“பெரிய காயம் இல்ல மிஸ்ஸி. லெட்சுமிதான் பயந்து இழுத்துட்டு வந்துட்டா,” என்றார். லெட்சுமி அவர் மனைவி. பக்கத்தில் நின்று, “பெரிய காயம் இல்லையாம்! காலுறையோட தோலும் சேந்து வருது மிஸ்ஸி,” என்றார்.

வராந்தாவில் நான் என் பேச்சைச் சொன்னேன். அண்ணன் யோசித்தார். “அப்ப எனக்கு ஆறலன்னாலும் அதையும் கணக்குல சேப்பீங்களா?” என்று கேட்டார்.

“கண்டிப்பா அண்ணே. ஆறாததும் சேந்தாத்தான் கணக்கு.”

“அப்ப சரி, போடுங்க,” என்று கையெழுத்துப் போட்டார். குலுக்கலில் அவருக்கு ஜெல் விழுந்தது.

ஜெல்லை எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதில் எலுமிச்சைப்புல் வாசனை, நம் செராய் வாசனை, சேர்த்திருந்தார்கள். இந்தப் புண்ணோடு குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நாற்றத்துக்குப் பயந்து கோயில் திருவிழாவுக்குப் போகாதவர்கள், பேரப் பிள்ளையைத் தூக்காதவர்கள், வரவேற்பறையில் ஒரு மூலையில் ஒதுங்கிப் படுப்பவர்கள் எத்தனையோ பேர். “வீடு பூரா செராய் வாசம் மிஸ்ஸி, என்னமோ சமையல் நடக்குற மாதிரி,” என்று லெட்சுமி சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் அண்ணனை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். காய்ச்சல். கட்டைப் பிரித்தபோது சீழ் கணுக்கால் தாண்டி ஏறியிருந்தது. முந்தின வாரம் வரவேண்டிய சோதனைக்கு அவர் வரவில்லை. வலியும் இல்லை, நாற்றமும் இல்லை, நன்றாக ஆறுகிறது என்று நினைத்திருக்கிறார். நீரிழிவு முற்றினால் காலுக்கு வலி தெரியாது. வலி சொல்லாததை மூக்குதான் சொல்லும். வீட்டில் யாராவது “என்னமோ நாறுதே” என்று முகம் சுளித்தால்தான் எங்களிடம் ஓடி வருவார்கள். அந்த வீட்டில் முகம் சுளிக்க யாருக்கும் வழியில்லாமல் போனது.

முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. எடுத்தவர் எங்கள் தலைவர்தான். வெளியே வந்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேராகத் தன் அறைக்குப் போனார்.

ஆய்வு முடிந்தது. முடிவைக் கணக்கிட்டவள் பரீடா என்ற புள்ளியியல்காரி. இளம்பெண், ஆனால் எண்களோடு விளையாட விடமாட்டாள். என்னை அக்கா என்ற பொருளில் ‘கக்’ என்பாள். சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்து, “கக், தக் அடா பெசா,” என்றாள். வித்தியாசம் இல்லை. ஜெல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் புண் ஆறுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதோடு விடவில்லை. கிருமி பிடித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஜெல் போட்டவர்கள் எங்களிடம் தாமதமாகத்தான் வந்திருக்கிறார்கள் என்றாள். இது சின்னக் கணக்கு, இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமல் விடவும் கூடாது என்றாள். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டோம். இல்லை என்று பதில் வந்தது. பதில் பதில்தானே. கடைக்காரரிடம் வெங்காயம் இருக்கிறதா என்று கேட்கிறோம். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறோம், அதற்காக அந்தக் கடைக்கு வந்ததையே மறைக்கிறோமா?

ஆனால் ஆய்வு உலகத்தில் மறைப்பார்கள். அதற்குக் கெட்டவர்கள் யாரும் தேவையில்லை. தலைவர் முடிவைப் பார்த்தார். “சரி, எழுதலாம்,” என்றார். எழுதவில்லை. நான் வாரம் தவறாமல் கேட்டேன். “எழுதியாச்சா டாக்டர்?” முதலில் “அடுத்த வாரம் சிஸ்டர்” என்றார். பிறகு, “நெகட்டிவ் ரிசல்ட்ட எந்த ஜர்னல் சிஸ்டர் போடும்? மெனக்கெட்டு எழுதி அனுப்பி, அவன் திருப்பி அனுப்பி, எதுக்கு?” என்றார். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்பார்கள். ஆராய்ச்சியில் அந்தப் பழமொழி செல்லாது. இங்கே யாரும் பறிக்காவிட்டால் கத்தரிக்காய் செடியிலேயே அழுகிப்போகும், அப்படி ஒரு செடி இருந்ததும் யாருக்கும் தெரியாது. நல்ல முடிவு வந்த ஆய்வுகள் மட்டும் சந்தைக்குப் போகும். அவற்றை மட்டும் படிக்கிற டாக்டர், மருந்தெல்லாம் வேலை செய்கிறது என்று நினைப்பார். அவர்மேல் என்ன குற்றம்?

முடிவு வெளிவரும்வரை நோயாளிகளிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. வெளிவரவே வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை.

அப்புறம் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. கிளினிக்கில் நோயாளிகளிடம் ‘திருப்தி’ பற்றியும் கேட்டிருந்தோம். ஓரத்தில் ஒரு சின்னக் கேள்வி. ஜெல் போட்டவர்கள் ரொம்பத் திருப்தி என்று சொல்லியிருந்தார்கள். வாசனைதான் காரணம், வேறென்ன. அதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதலாம், புண் ஆறிய கணக்கை உள்ளே எங்காவது ஒரு வரியில் சொல்லலாம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் சோறு பரிமாறுவதை நேரில் பார்த்தேன். எந்த வாசனை முனியாண்டி அண்ணனின் சீழை மறைத்ததோ, அதே வாசனை இப்போது எங்கள் வெற்றி ஆகப்போகிறது.

ஜெல் தயாரித்த நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. அதே ஜெல்லைக் கொஞ்சம் கெட்டியாக்கி, பெரிய புண்களுக்குப் போட்டுப் பார்க்க இரண்டாவது ஆய்வு. அதற்கான விண்ணப்பத்தில் முதல் ஆய்வைப் பற்றி ‘நோயாளிகளிடம் நல்ல வரவேற்பு’ என்ற ஒரே ஒரு வரி. அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆய்வுக்கு நிறுவனம் தரும் பணத்தில் எங்கள் பிரிவுக்குக் காலின் ரத்த ஓட்டம் பார்க்கும் புதிய கருவி வரும், இரண்டு தாதிகளை வேலைக்கு எடுக்கலாம். கருவி இல்லாமல் எத்தனை நோயாளிகள் கோலாலம்பூருக்கு அலைந்தார்கள் என்று எனக்கும் தெரியும். தலைவரின் ஆசையில் பாதி அந்த அலைச்சலை நிறுத்துவதற்குத்தான். என் வேலையும் அப்போது ஒப்பந்த வேலை. அதை நீட்டிப்பது அவர் கையில் இருந்தது.

புது ஆய்வுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிய நாள் காலை. முதல் ஆளாக வந்தவர் பாக்கியம் அம்மா. யோங் பெங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். மருமகன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். காலில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். தலைவர் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வராந்தாவுக்கு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவரோடு வேறொருவர் பேச ஆரம்பித்துவிட்டார். செயற்கைக் கால் அளவு பார்க்க வந்திருந்த முனியாண்டி அண்ணன்.

“சேருங்கம்மா, பயப்படாதீங்க. மிஸ்ஸி நல்லாப் பாத்துக்குவாங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாக்கியம் அம்மா அவருடைய மடித்துக் கட்டிய கால்சட்டையைப் பார்த்தார். “நீங்களும் அதத்தான் போட்டீங்களா?”

“ஆமா. மருந்து நல்ல மருந்தும்மா. என் தலையெழுத்து, எனக்குக் கேக்கல. நான் வாயக் கட்டல, ரொட்டி சானாயும் சீனி போட்ட தே தாரிக்குமா வெளுத்துக் கட்டினேன். மத்தவங்களுக்கெல்லாம் ஆறிப்போச்சு. எனக்கு மட்டுந்தான் இப்படி.”

லெட்சுமி அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். அவர் பக்கம் திரும்பாமலே, “சொன்னாக் கேட்டாத்தானே,” என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசி ரொம்ப நாளாகிறது என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

மற்றவர்களுக்கெல்லாம் ஆறிவிட்டது என்று இவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவர் அதை அப்படி நிரப்பிக்கொண்டார். தோற்ற மருந்தைப் பற்றி நாம் பேசாவிட்டால், மருந்து தோற்றது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நான்தான் தோற்றேன் என்று ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக நினைத்துக்கொள்வார். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறெதையும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

படிவத்தை மடித்துக்கொண்டு நேராகத் தலைவர் அறைக்குப் போனேன். பரீடா அங்கே இருந்தாள்.

“டாக்டர், பழைய ரிசல்ட் வெளிய வராம இந்த ஆய்வுக்கு நான் ஒருத்தரையும் சேக்க மாட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சிஸ்டர், காலையிலேயே?”

“அடுத்து வர்றவங்களுக்கு உதவும்னு சொல்லித்தான் முனியாண்டிய சேத்தேன். அடுத்து வந்தவங்க வெளிய உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு அவரு கால் உதவவே இல்ல. நாம உதவ விடல.”

“எழுதமாட்டேன்னு நான் சொல்லல. எல்லாத்துக்கும் ஒரு வழிமுறை இருக்கு. கம்பெனிகிட்டப் பேசணும். இந்தக் கருவி வந்தா எத்தனை பேருக்கு நல்லது, அத யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன். அதனாலதான் இவ்வளவு நாள் வாரா வாரம் கேட்டுட்டு மட்டும் இருந்தேன். இனிமே நெறிமுறைக் குழுவுக்கு எழுதிடுவேன் டாக்டர்.”

“மிரட்டுறீங்களா?”

“ஆமா டாக்டர்.”

பரீடா ஐயோ என்பதுபோல “அலமாக்” என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு அவளும் எழுந்து நின்றாள். திருப்திக் கட்டுரையில் தன் பெயர் வேண்டாம், நாம் என்ன கேள்வி கேட்டோம் என்பது பதிவுத்தளத்தில் இருக்கிறது, கேள்வியை மாற்றினால் நாளைக்கு யாராவது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றாள். இடையில் நிறுத்தாமல் முழுதாகச் சொல்லி முடித்தாள். அவளுக்கு என்னைவிடச் சின்ன வயது, இழக்க என்னைவிட அதிகம் இருந்தது.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. “உங்க ரெண்டு பேருக்கும் இந்த ரூம்ல உக்காந்து முடிவெடுக்குறது எவ்வளவு கஷ்டம்னு தெரியாது,” என்றார்.

எனக்கும் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கத்துவதில்லை. குரல் இறங்கிவிடும், என் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பயம். “சரி டாக்டர், எனக்குத் தெரியாது. நீங்க ஒண்ணு செய்ங்க. வெளிய வந்து, என் நாற்காலியில உக்காந்து, நான் வழக்கமா சொல்றத அந்தம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. அவங்க கையெழுத்துப் போட்டா நான் வாயத் திறக்க மாட்டேன்,” என்றேன்.

அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கால்களை விட்டுக்கொடுக்காத அதே பிடிவாதம். விருட்டென்று எழுந்து வந்தார். வராந்தாவில் என் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பாக்கியம் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். டாக்டர் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்ததும் அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எழுந்திருக்கப் பார்த்தார்.

“உக்காருங்கம்மா. இந்த ஆராய்ச்சியில உங்களுக்குப் பலன் கிடைக்காமப் போகலாம். ஆனா அடுத்து…”

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. முனியாண்டி அண்ணன் அவருக்கு நேர் எதிரில் இருந்தார். வணக்கம் சொல்லக் கையெடுத்திருந்தார்.

பாக்கியம் அம்மாவுக்கு அந்த நாற்காலியில் உட்காருகிற யாரிடமும் கேள்வி கேட்கலாம் என்று தோன்றிவிட்டதோ என்னவோ. “இதுக்கு முன்னால போட்டவங்களுக்கு எப்படி இருந்துச்சு டாக்டர்?” என்று கேட்டார்.

எத்தனையோ அறுவை அறைகளில் அவர் நிதானத்தைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நிதானம் வர நேரமானது. நான் குறுக்கே பேசவில்லை. பேசினால் அவர் தப்பித்துக்கொள்வார்.

“வித்தியாசம் தெரியலம்மா,” என்றார் கடைசியில். “போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.”

“அப்ப எதுக்கு டாக்டர் மறுபடி?”

அவர் பதில் சொல்வதற்குள் முனியாண்டி அண்ணன், “மத்தவங்களுக்கு ஆறலையா?” என்றார்.

“மருந்தால ஆறல அண்ணே. ஆறினவங்க சும்மாவே ஆறினவங்க.” தலைவர் அவரை அண்ணன் என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். “அந்த வாசம் இருக்கே, அது உள்ள கெட்டுப்போனத மறைச்சிருக்கும்னு நினைக்கிறோம். இன்னும் சில பேரும் உங்கள மாதிரி லேட்டாத்தான் வந்திருக்காங்க.”

“அப்ப… நான் தே குடிச்சதால இல்லையா?”

“நீங்க தே குடிக்கக்கூடாதுதான். ஆனா உங்க காலு போனதுக்குப் பழிய நீங்க மட்டும் சுமக்க வேணாம். இத முன்னாடியே நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்.”

அண்ணன் குனிந்து, மடித்துக் கட்டிய கால்சட்டையை நீவிவிட்டார். லெட்சுமிதான் உடைந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். “எத்தனை தடவ இவர ஏசிப்புட்டேன் டாக்டர். சாப்புடுற நேரத்துலகூட ஏசினேன். சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.” வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் எழுந்து போகவில்லை. அந்த அழுகை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த மரியாதை திரும்பி வந்தது அப்போதுதான்.

பாக்கியம் அம்மா கையெழுத்துப் போடவில்லை. வழக்கமான மருந்துக் கட்டோடு, வாரம் தவறாமல் மருமகன் வேனில் வந்து போனார்.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொல்ல முடிவெடுப்பது ஒரு காலை வேலை. சொல்லி முடிக்க அதற்கப்புறம் ரொம்பக் காலம் ஆனது. தலைவர் இரண்டாவது ஆய்வை நிறுத்திவைத்தார். கருவி வரவில்லை, தாதிகளும் வரவில்லை. பிரிவில் சிலர் என்னைக் கண்டால் வேறு லிஃப்டில் ஏறினார்கள். நிறுவனத்தார் வந்து பேசினார்கள், முதலில் சிரித்துக்கொண்டும் பிறகு சிரிக்காமலும். தலைவர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: கேள்வி நாங்கள் கேட்டது, பதிலும் நாங்களே சொல்வோம். அவரும் பரீடாவும் கட்டுரையை எழுதினார்கள். தொடக்கத்தில் கேட்ட கேள்விதான் தலைப்பு. ‘வித்தியாசம் இல்லை’ என்பது முதல் பத்தியிலேயே இருந்தது. திருப்திக் கேள்வி அதற்குரிய ஓரத்தில் இருந்தது. தாமதமாக வந்தவர்கள் பற்றிய எச்சரிக்கை, இன்னும் உறுதியாகவில்லை என்ற குறிப்போடு இருந்தது.

ஒரு இதழ் ‘புதுமை இல்லை’ என்று திருப்பி அனுப்பியது. இன்னொன்று ‘எங்கள் வாசகர்களுக்கு ஆர்வம் இருக்காது’ என்றது. மற்றொன்று மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு நன்றி சொன்னது. ஒவ்வொரு முறையும் தலைவர் என் மேசைக்கு வந்து, “பாத்தீங்களா சிஸ்டர், நான் சொன்னேன்ல?” என்பார். “அடுத்தது எங்க அனுப்புறோம் டாக்டர்?” என்பேன் நான். முதலில் முறைத்தார். அப்புறம் அவரே அடுத்த இதழின் பெயரோடு வர ஆரம்பித்தார். மாப்பிள்ளை தேடும் அப்பா மாதிரி ஆகிவிட்டார் மனிதர்.

கட்டுரைக்காகக் காத்திருக்காமல், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஆய்வில் இருந்த எல்லோரையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டோம். தமிழில் நான் சொன்னேன், மலாயில் பரீடா, சீனத்தில் எங்கள் மருந்தாளர். எல்லோரும் கைதட்டி வாழ்த்தினார்கள் என்று சொல்ல ஆசைதான். ஒருவர், “இத்தன நாள் ஏன் வாயத் திறக்கல?” என்று நேராகவே கேட்டார். ஓர் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார். அவர்கள் கோபம் நியாயமானது. நாங்கள் வாங்கிக்கொண்டோம். நீங்களும் ஒருநாள் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது விளக்கம் சொல்லாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு சின்ன இதழ் கட்டுரையைப் போட்டது. செய்தித்தாளில் வரவில்லை, யாரும் மாலை போடவில்லை. என் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது. தலைவர் நீட்டிக்கத்தான் பார்த்தார். ஆய்வே இல்லாத பிரிவில் ஒருங்கிணைப்பாளருக்கு என்ன வேலை? எனக்கு அதில் மனவருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

நீங்கள் என்ன செய்யவேண்டும்? ஆய்வு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: பதில் ‘இல்லை’ என்று வந்தால் இதை யார் எழுதுவது, எப்போது எழுதுவது? தலைவர் சிரித்து மழுப்பினால் மறுபடி கேளுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால் வராந்தாவுக்குப் போகாதீர்கள். படிவத்தில் டாக்டரின் கையெழுத்து இருக்கலாம். ஆனால் நோயாளி நம்புவது உங்கள் குரலை. உங்களுக்குப் பதவி சின்னதாக இருக்கலாம். நீங்கள் பேசாமல் ஒரு ஆய்வுகூட நடக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு தலைவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு நாட்டிலிருந்து, யாரென்றே தெரியாத ஒரு டாக்டர் அவருக்கு எழுதியிருந்ததை எனக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் அதே போன்ற ஜெல்லை வைத்து, அதே போன்ற வாசனையோடு, ஒரு பெரிய ஆய்வு தொடங்க இருந்தார்களாம். எங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டார்களாம். ‘சிஸ்டருக்கு’ என்று மட்டும் தலைவர் மேலே எழுதியிருந்தார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தெப்ராவுக்குப் போனேன். முனியாண்டி அண்ணன் இப்போது அதே பஸ் கம்பெனியில் ஓட்டுநர்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கிறார். “பசியாறிட்டீங்களா மிஸ்ஸி?” என்று லெட்சுமி உட்காரவைத்தார். விஷயத்தைச் சொன்னேன். இருவரும் கவனமாகக் கேட்டார்கள்.

“எந்த ஊரு?” என்றார் அண்ணன்.

“ரொம்ப தூரம் அண்ணே. நாம போகாத ஊரு.”

“அந்த ஊரு ஆளுங்களுக்கு என்னையத் தெரியுமா?”

“தெரியாது. இப்படி ஒரு மருந்து அவங்க காலுக்கு வர இருந்ததே அவங்களுக்குத் தெரியாது.”

லெட்சுமிக்கு மனசு ஆறவில்லை. “அந்தப் புஸ்தகத்துல இவரு பேரயாவது போட்டிருக்கலாம்ல மிஸ்ஸி,” என்றார்.

“பேரு எதுக்கு லா?” என்றார் முனியாண்டி அண்ணன். “அவங்க காலு அவங்ககிட்ட இருக்கட்டும்.”